விறகுக்கு வீடு பார்த்தவர்

"உங்க வீட்டுல எத்தன சன்னலு?"

விறகு வாங்க வந்தவரிடம் அண்ணாச்சி கேட்கும் முதல் கேள்வி இதுதான். வந்தவர் கோட்டு போட்டவராக இருக்கலாம், வெள்ளை அங்கி போட்டவராக இருக்கலாம், வண்டியை அணைக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி இரண்டு விரலைக் காட்டி "ரெண்டு மூட்டை" என்று சொல்கிறவராக இருக்கலாம். அண்ணாச்சிக்கு எல்லாரும் ஒன்றுதான். தமிழ் தெரியாதவரிடம் "கித்னா கிட்கி, பாய்?" என்பார். சன்னலுக்கு அடுத்து புகைபோக்கி. புகைபோக்கிக்கு அடுத்து, தீ எரிகிற அறையில் யாராவது படுத்துத் தூங்குவார்களா என்ற கேள்வி. பெண் கேட்டு வந்தவனை வாசலில் நிறுத்தி வைத்து, குடிப்பியா, சூதாடுவியா என்று விசாரிக்கிற அப்பன் மாதிரி, பனியனும் கைலியுமாக நின்று விசாரிப்பார். பதில் பிடிக்கவில்லை என்றால் விறகு கிடையாது. "மாஃபி" என்று கையை விரித்துவிட்டு விறகு பிளக்கிற மெஷின் பக்கம் போய்விடுவார்.

ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு பக்கம் கார் பட்டறை, ஒரு பக்கம் பழைய மரப்பெட்டி வாங்கி விற்கிற கடை, இரண்டுக்கும் நடுவில் எங்கள் விறகு யார்டு. வேலைக்கு இரண்டே பேர். அண்ணாச்சியும் நானும். அவர் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர், ஐம்பத்தைந்து தாண்டியவர். நான் ராமநாதபுரம் பக்கம், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எங்களுக்கு மேலே மேனேஜர், தஞ்சாவூர்க்காரர். அவருக்கும் மேலே அர்பாப், அதாவது முதலாளி. மூன்று வருஷத்தில் அவரை நான் பார்த்தது காகிதத்தில் இருக்கும் கையெழுத்தாக மட்டும்தான்.

கவலைப்படுவது எனக்கு ஓவர்டைம் மாதிரி. யாரும் சொல்லாமலேயே செய்வேன். விறகு அடுக்கினால் உள்ளே தேள் இருக்குமோ என்று கவலை. தேள் இல்லை என்றால், ஏன் இல்லை, யாராவது மருந்து அடித்திருக்கிறார்களோ என்று கவலை. பட்டறையில் வெல்டிங் பொறி பறந்தால் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போய் நிற்பேன். அண்ணாச்சி சிரிப்பார். "டே மக்கா, நீ அந்த வாளியோட நின்னா பொறி ஒன்னத் தேடித்தான் வரும்" என்பார்.

அவர் சிரித்தாரே தவிர, பயத்தில் என்னைவிட ஒரு படி மேலே இருந்தவர் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. நான் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பயந்தேன். அவர் ஒன்றே ஒன்றுக்கு முழுசாகப் பயந்தார்.

மரத்தைத் தெரிந்தவர் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவார். டங் என்று கேட்டால் காய்ந்தது. தொப் என்று கேட்டால் ஈரம். அதோடு விடமாட்டார். வெட்டின முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். முகத்தில் நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பட்டை தானாகக் கழன்று வர வேண்டும். இத்தனையும் தேறின பிறகு மோந்து பார்ப்பார். அதற்கப்புறமும் சந்தேகம் இருந்தால் நாக்கை நீட்டி முனையில் தொடுவார். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு அந்தக் கட்டை எனக்கு வேண்டாம் என்று தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

வெட்டுவதிலும் அப்படித்தான். மெஷினில் கட்டையைக் கொடுத்துப் பிளந்துவிட்டு, பத்த வைக்கிற சுள்ளி ஒரு பக்கம், மணிக்கட்டு கனம் ஒரு பக்கம், தொடை கனம் ஒரு பக்கம் என்று பிரிப்பார். அடுக்கும்போது சந்து விட்டு அடுக்குவார். மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் காற்று. நம்ம ஊரில் ஒரு வருஷம் காய வேண்டியது இங்கே ஆடி ஆவணி வெயிலில் இரண்டு மாதத்தில் காய்ந்துவிடும். "இங்க மனுசனே ரெண்டு மாசத்துல வெடிச்சுருதான், மரம் எம்மாத்திரம்" என்பார்.

ஒரு தடவை தங்க எழுத்து போட்ட பையில், சிவப்பு ரிப்பன் கட்டி, உயர்ந்த விறகு என்று ஒரு சரக்கு வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் சீமைக்கருவேலம். எங்கள் ஊரில் வேரோடு பிடுங்க வேண்டும் என்று மேடை போட்டுத் திட்டுகிற அதே மரம். அதை மூட்டம் போட்டு, கரி பிடித்த கையோடு சோறு தின்ற குடும்பம் எங்களுடையது. நான் ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன்.

"என்னடே, சொந்தக்காரனப் பாத்த மாதிரி நிக்க?"

"அண்ணாச்சி, இத எங்க ஊருல ஓசியில குடுத்தாலும் வையிவாங்க."

"ஒன்னயும் ஒன் ஊருல வஞ்சுக்கிட்டுத்தான இருந்தாங்க? இப்ப லீவுல போனா சோபாவுல உக்கார வைக்காங்கல்ல. அது மாதிரிதான் அதுக்கும். அதுவும் பிளைட்டு ஏறி வந்துட்டு."

விறகு எதற்கு இந்த வெயில் தேசத்தில் என்று ஊரில் கேட்பார்கள். டிசம்பர் வந்தால் இங்கே குளிர் சீசன் என்று பெயர். நாங்கள் விசிறியை ஒரு புள்ளி குறைப்போம்; அதுதான் எங்கள் குளிர். பெரிய வீடுகளில் அப்படி இல்லை. வரவேற்பறையில் சுவரைக் குடைந்து, பளிங்கு வைத்து, அடுப்பு கட்டி வைத்திருப்பார்கள். அதில் தீ எரிய வேண்டும், முன்னால் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். ஒரு வீட்டில் நானும் அண்ணாச்சியும் விறகு இறக்கப் போனபோது, தீயும் எரிகிறது, ஏசியும் பதினெட்டில் ஓடுகிறது. ஏசி எதற்கு என்று அண்ணாச்சி கேட்டார். வீட்டுக்கார அம்மா, தீ போட்டதும் புழுக்கம் தாங்கவில்லை என்றார். அப்போ தீ எதற்கு என்றார். ஏசி போட்டதும் குளிர் தாங்கவில்லை என்றார் அந்த அம்மா. திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணாச்சி மற்ற வீட்டுக் கூரைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். யார்டு வாசலுக்கு வந்த பிறகு, "ஆனா சன்னலத் தெறந்துதான் வெச்சிருந்தா, பாத்தியா? அந்தப் பொம்பள புத்திசாலி" என்றார்.

அவர் இப்படி விசாரித்து விசாரித்து ஆளைத் திருப்பி அனுப்புவது மேனேஜருக்கு முதலில் தீராத வயிற்றெரிச்சல்.

"யோவ், நாம விறகு விக்கிறோமா, மாப்பிள்ளை பாக்குறோமா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார். கெட்ட எடத்துல குடுத்துட்டா அப்புறம் நாமதான் அழணும்."

பிறகு ஒரு நாள், அண்ணாச்சி கட்டையை நாக்கில் வைத்துப் பார்ப்பதை மேனேஜர் போனில் வீடியோ எடுத்து எங்கோ போட்டார். விறகு நிபுணர் என்று எழுதியும் விட்டார். அதிலிருந்து கதை மாறியது. கேள்வி கேட்பது தொல்லையாக இருந்தது போய், கேள்வி கேட்கப்படுவது கௌரவம் ஆகிவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "என்னையும் கேளுங்க" என்று நின்றார்கள். விறகு கிடைத்தவர்கள் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். விறகு கிடையாது என்று அண்ணாச்சி திருப்பி அனுப்பின ஒருத்தர், தம்பியை அனுப்பி வாங்கப் பார்த்தார். தம்பியிடமும் அதே முகவரி வந்ததும், "அதே வீடுதானடே, சன்னலு என்ன புதுசாவா மொளச்சுது?" என்று அனுப்பிவிட்டார். மேனேஜர் வாசலில் ஒரு நாற்காலி போட்டு, நிபுணர் என்று போர்டும் வைத்தார். அண்ணாச்சி ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. துண்டு காயப் போடுவார்.

ஏன் இந்தக் கேள்விகள் என்று நான் மூன்று வருஷமும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை அவராகச் சொன்னார், அதுவும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே. இங்கே வருவதற்கு முன்பு அவர் சவுதியில், அல் கோபாரில் ஒரு சைட்டில் இருந்தார். அங்கே குளிர் நிஜமான குளிர். பக்கத்து ரூமில் நாலு பேர். பெயிண்ட் டப்பாவில் கரி போட்டுப் பற்றவைத்து, கதவைச் சாத்திவிட்டு, சன்னல் சந்தில் துணியையும் திணித்துவிட்டுப் படுத்தார்கள். காலையில் டியூட்டிக்கு பஸ் வந்து ஹாரன் அடித்தது. நாலு பேரும் எழுந்து வரவில்லை.

"புகை வந்திருந்தா முழிச்சிருப்பானுவ," என்றார். "வரல. நல்லா காஞ்ச கரி. நான் வாங்கிக் குடுத்தது."

எண்ணெய் டப்பாவை மூடி வைத்துவிட்டு, "யல்லா, கட்டைய எடு" என்றார்.

அந்தக் கடைசி சீசனில்தான் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். எங்கள் விசா இரண்டும் ஒரே மாதத்தில் முடிகிறது. அர்பாப் இனி ஒரு ஆள் போதும் என்று சொல்லிவிட்டார். சீசன் முடியட்டும், யார் வேலை சுத்தம் என்று பார்த்து ஒருத்தருக்கு விசா அடிப்பேன், இன்னொருத்தர் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்றார்.

என் மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டின முதல் ஆள். நான் ஊரில் போய் நின்றால் அவள் படிப்பு நின்றுவிடும் என்பதைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. அண்ணாச்சி என்னடாவென்றால் மேனேஜரிடம், "சார், அந்த ஆப்பிரிக்கா கன்டெய்னர் வந்துட்டா? அதுல வார மரம் தண்ணியா இருக்கும், இந்த வருசம் விக்காதீங்க" என்கிறார்.

கன்டெய்னர் வந்தது. சொன்னபடியே தண்ணி. முகத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. ஓரமாக அடுக்கி, யாரும் தொடக் கூடாது என்று அண்ணாச்சி சிவப்புத் துணி கட்டினார்.

அதற்கு அடுத்த வாரம் அந்த வில்லா ஆர்டர் வந்தது. துபாயில் சொந்தமாக வில்லா வாங்கின நம்ம ஊர் சார் ஒருத்தர். பெரிய கம்பெனியில் பெரிய வேலை. புது வீடு, புது அடுப்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடுகிறார்கள். அவருடைய கம்பெனி ஆட்களும் வருகிறார்கள். அவர்கள் பார்த்துவிட்டால் அடுத்தடுத்து ஆர்டர் நிற்கும் என்று மேனேஜர் கணக்குப் போட்டிருந்தார். விறகோடு ஆளும் போய்ப் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி வழக்கம் போல வீட்டைப் பார்க்காமல் முடியாது என்றார். நிபுணர் வருகிறார் என்று மேனேஜர் அதையும் பெருமையாகச் சொல்லி எங்களை அனுப்பினார்.

சார் எங்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே கூட்டிப் போனார். அடுப்பு நிஜமாகவே அழகு. கறுப்புப் பளிங்கு, மேலே குடும்பப் படம். அண்ணாச்சி முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு தாளைச் சுருட்டிப் பற்றவைத்து உள்ளே நீட்டினார். புகை மேலே போகவில்லை. கொஞ்சம் யோசித்த மாதிரி நின்றுவிட்டு, நேராக எங்கள் முகத்துக்கு வந்தது. போன் வெளிச்சத்தை அடித்து மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டடிக்கு மேலே வெள்ளை வெளேர் என்று ஜிப்சம் பலகை.

"சார், மேல அடச்சிருக்கு."

"அது ஃபால்ஸ் சீலிங்கு. டிசைனர் லுக்குக்காகப் பண்ணிருக்கார்."

"புகை எங்க சார் போகும்?"

"ஏசி இருக்கே. சென்ட்ரல் ஏசி. இழுத்துரும்."

"ஏசி உள்ள இருக்க காத்தத்தான சார் சுத்திச் சுத்தி விடுது. வெளிய எங்க தள்ளுது?"

சார் சிரித்தார். எட்டாவது படித்தவனுக்கும் புரியும் விஷயம் படித்தவருக்குப் புரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். அவர் வேலை பார்க்கிற அந்தப் பெரிய கம்பெனியே ஏசி கம்பெனிதான் என்று பிறகு தெரிந்தது.

"அதுக்குத்தான் உங்க விறகு. வீடியோவுல பாத்தேன். சுத்தமா காஞ்சது, புகையே வராதாமே. பசங்க ஆறு பேர், கசின்ஸ் எல்லாம், இங்கதான் தீக்கு முன்னால பெட் போட்டுத் தூங்கப் போறாங்க. ஸ்வெட்டர்கூட வாங்கியாச்சு."

அண்ணாச்சி எழுந்தார். முட்டியில் ஒட்டின தூசியைத் தட்டினார். "விறகு தர மாட்டேன் சார்," என்றார். சார் எவ்வளவோ பேசினார், அப்புறம் கோபப்பட்டார். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

யார்டுக்கு வந்து சேருவதற்குள் மேனேஜருக்குப் போன் வந்துவிட்டது.

"நாம தரலன்னா அந்த ஆளு எதுத்த யார்டுல வாங்கிட்டுப் போறான். அதுவும் காஞ்சதுதான். என்ன மாறிடும்? வெள்ளிக்கிழமை முப்பது கட்டு போகணும். போகலன்னா ரெண்டு பேரும் கிளம்பிருங்க. கலாஸ், முடிஞ்சுது."

அண்ணாச்சி ரொம்ப நேரம் கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தார். டங், டங் என்று காது வலித்தது. பிறகு, "சரி, நான் அடுக்கி வைக்கேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் முப்பது கட்டும் கயிறு கட்டித் தயாராக இருந்தன. வண்டியில் ஏற்றலாம் என்று முதல் கட்டைத் தூக்கினேன். தோள் இறங்கிவிட்டது. அந்த அளவுக்கு விறகு கனக்காது. முனையைக் கன்னத்தில் வைத்தேன். ஐஸ். வெடிப்பு ஒன்றுகூட இல்லை. பூஞ்சையைத் தேய்த்துத் துடைத்திருந்தார். ஓரமாகப் பார்த்தேன், சிவப்புத் துணி கட்டின அடுக்கு பாதியாகக் குறைந்திருந்தது. வாழ்நாளில் ஒரு ஈரக் கட்டையை வாசல் தாண்ட விடாத மனிதர், முப்பது கட்டு ஈரத்தைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது கனக்குது."

"விறகுன்னா கனக்காதா?"

"இல்ல அண்ணாச்சி, இது..."

"டே, கேளு. ஈரம் புகையும், கண்ணக் கரிக்கும், இருமும். ஆளு எந்திரிச்சு வெளிய ஓடிருவான். காஞ்சதுல வார வெசக்காத்து ஒரு சத்தமும் போடாது, தூக்கத்துலயே கொண்டுட்டுப் போயிரும். நாம குடுக்கலேன்னா எதுத்த யார்டுக்காரன் குடுப்பான், அவனுட்ட ஈரமா கேட்டாக் கெடைக்குமா?" முகத்தைத் துடைத்தார். "ஒனக்குப் பயமா இருந்தா ஏத்தாத. நான் ஏத்திட்டுப் போறேன்."

அவர் போனால் அந்த சார் வாசலிலேயே திருப்பிவிடுவார். அது எனக்கும் தெரியும். ஒரு பக்கம் மகள், பத்தாவது. ஒரு பக்கம் ஆறு பிள்ளைகள், புது ஸ்வெட்டர். நான் முப்பது கட்டையும் ஏற்றினேன். வழி முழுக்கப் பிரேக் பிடிக்குமா, டயர் வெடிக்குமா, போலீஸ் நிறுத்துவானா என்று கவலைப்பட்டேன். வெடித்தால் நல்லது என்றும் ஒரு பக்கம் நினைத்தேன்.

சாயங்காலம் ஆறு மணி. சார் வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஸ்வெட்டரில் இருந்தார்கள். ஒரு பெரியவருக்கு மஃப்ளர் வேறு. அடுப்புக்கு முன்னால் ஆறு மெத்தை. நான் சுள்ளியை வைத்துப் பற்றவைத்தேன், அது மட்டும்தான் காய்ந்தது. நன்றாகவே பிடித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மேலே கட்டைகளை வைத்தேன். போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அப்புறம் கட்டை முனையில் நுரை கட்டியது. உஸ்ஸ் என்று சத்தம். தண்ணீர் சொட்டியது. வெள்ளைப் புகை சுருண்டு சுருண்டு வெளியே வந்தது. ஒரு பையன் "சோ கூல்" என்றான். அவன்தான் முதலில் இருமினான்.

ஐந்து நிமிஷத்தில் அந்த வரவேற்பறையில் எதிரே நிற்பவர் தெரியவில்லை. ஏசி தன் கடமையைச் செய்து, அந்தப் புகையை மாடி அறைகளுக்கெல்லாம் சமமாகப் பங்கு வைத்தது. மஃப்ளர் பெரியவர் மஃப்ளரால் மூக்கைப் பொத்திக்கொண்டு புல்தரைக்கு ஓடினார். பின்னாலேயே எல்லாரும். நான் எரிகிற சுள்ளி மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, சன்னல் சன்னலாகத் திறந்தேன். பதினோரு சன்னல். வெளியே பிரியாணித் தட்டோடு, ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள் வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமானதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் போனில் மேனேஜரைத் திட்டினதை நான் அப்படியே எழுத முடியாது.

மறுநாள் காலை மேனேஜர் வந்தார்.

"யாருய்யா அடுக்குனது?"

"நான்தான்," என்றார் அண்ணாச்சி.

"ஈரம்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "இவனுக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி சொன்னார். "இவனுக்கு என்ன சார் தெரியும்? மூணு வருசமா தட்டிப் பாக்கான், இன்னும் டங்குக்கும் தொப்புக்கும் வித்தியாசம் தெரியல. மண்டைல ஏறாது."

மேனேஜர் என்னையே பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், மண்டையில் ஏறாது என்று.

ஒரே வாரத்தில் அண்ணாச்சி விசா ரத்தானது. நான்தான் பிக்கப்பில் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். வழியில் வில்லாக்களின் கூரையைப் பார்த்து, "அது நெசப் புகைபோக்கி, அது பொம்மை, அது நெசம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். சிக்னலில் நின்றபோது ஆரம்பிக்கவும் செய்தேன். "பச்ச விழுந்துட்டு, போடே" என்றார்.

ஆனால் என் விசாவும் உடனே அடிக்கப்படவில்லை. மண்டையில் ஏறாதவனை வைத்து என்ன செய்வது என்று மேனேஜர் புது ஆள் தேடத் தொடங்கியிருந்தார். அது எனக்குத் தெரிந்த நாளிலிருந்து கவலையில் டபுள் ஓவர்டைம்.

பிறகு அந்த வில்லா சார் போன் செய்தார். கறை பிடித்த கூரையை மாற்ற ஆள் வந்து ஜிப்சத்தை உடைத்திருக்கிறான். உள்ளே புகைபோக்கிக் குழாயே இல்லை, கான்கிரீட். அடுப்பு கட்டுகிறவன் ஒருவனைக் கூப்பிட்டுக் காட்டினபோது, காய்ந்த விறகு எரிந்து பிள்ளைகள் இங்கே தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் விளக்கிச் சொல்லியிருக்கிறான். இப்போது சுவரைத் துளைத்து நிஜக் குழாய் போட்டாயிற்று, வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். மேனேஜர் என்னை அனுப்பினார். நிபுணர் லீவில் போயிருக்கிறார், இவர் அவருடைய அசிஸ்டென்ட் என்று சொல்லி.

தாளைக் கொளுத்தி நீட்டினேன். புகை கயிறு பிடித்து இழுத்த மாதிரி மேலே போனது. சார் சோபாவில் உட்காரச் சொன்னார். என் அழுக்குச் சட்டையை நினைத்து நுனியில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீங்கதானே விறகு கொண்டாந்து பத்த வெச்சது?"

"ஆமா சார்."

"ஈரம்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

கையில் ஒட்டின தாள் கரியைச் சட்டையில் துடைத்தேன்.

"நான் யோசிச்சிட்டே இருக்கேங்க. அந்தப் பெரியவர் விறகே தர மாட்டேன்னுட்டுப் போயிட்டார். அப்புறம் வந்தது நீங்க. வேணும்னேதான் ஈர விறகா கொண்டாந்தீங்களா? எங்களை வெளியேத்தணும்னு?"

அவர் மனைவி காபியோடு வந்து நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஒரு சின்னப் பெண் பின்னால் நின்று என்னைப் பார்த்தது. பத்தாவது படிக்கிற வயசு இருக்கும்.

"ஆமா சார்," என்றேன். "நான்தான்."

அவர் அங்கேயே மேனேஜருக்குப் போன் போட்டு என்னைப் பாராட்டித் தள்ளினார். நான் திரும்பி வந்தபோது மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"யோவ், அது நீயாய்யா? அப்ப அந்த ஆளு ஏன் தான்தான்னு சொன்னாரு?"

"என்னையக் காப்பாத்துறதுக்காக அப்படிச் சொல்லிருப்பாரு சார்."

"நல்ல மனுசன்யா," என்றார் மேனேஜர். அந்த வாரமே என் விசா அடிக்கப்பட்டது. நாற்காலியிலிருந்த துண்டை எடுத்துவிட்டு என்னை உட்கார வைத்துப் படமும் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சியே போன் செய்தார். ஊரில் வலை பின்னுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். பின்னால் ஆட்கள் சத்தம். வில்லா சார் குழாய் போட்டுவிட்டார் என்று சொன்னேன்.

"அவருக்குத் தெரிஞ்சிட்டா, ஏன் ஈரமா போச்சுன்னு?"

"தெரிஞ்சிருச்சு அண்ணாச்சி. ரொம்ப நன்றின்னாரு. அந்தம்மா அழுதுட்டாங்க."

"நான்தான்னு சொன்னியா?"

"சொன்னேன் அண்ணாச்சி."

"கொள்ளாம்டே, நல்லது," என்றார். பக்கத்தில் யாரிடமோ, "கேட்டியா, அந்த வீட்டுல தெரிஞ்சிட்டாம்" என்று சொல்வது கேட்டது. பிறகு என்னிடம் திரும்பி, குழாய் எத்தனை அங்குலம் என்று கேட்டார். எட்டு என்றேன். எத்தனை வளைவு? ஒன்றுதான். முனையில் பறவை கூடு கட்டாமல் வலை போட்டிருக்கிறானா? போட்டிருக்கிறான். கூரைக்கு மேலே எத்தனை அடி நிற்கிறது, தொப்பி வைத்திருக்கிறானா, மழைத் தண்ணி உள்ளே இறங்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னேன். அதெல்லாம் உண்மை.